முதல் துளி டான் ஸ்ரீக்கே

வீரமுத்துவின் வலது கால் அவரிடம் சொல்லாமல் செய்த முதல் காரியம், ஆயர் ஈத்தாம் ஊரில் ஒரு சிலிப்பரை விட்டுவிட்டு வந்தது. மனைவி தனலெட்சுமியோடு பூச்சட்டி வாங்கப் போயிருந்தார். கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி, சட்டிகளைக் காரில் அடுக்கி, கூலாயில் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோதுதான் அவள் பார்த்தாள்.

“ஒரு சிலிப்பர் எங்க?”

“கால்லதான் இருக்கு.”

“அது இடது காலு. நான் கேக்கறது வலது கால.”

குனிந்து பார்த்தார். வலது பாதம் வெறுமனே இருந்தது. அதில் ஒரு சட்டித் துண்டு குத்தி நின்றது. இரத்தம் வந்திருந்தது. வலி மட்டும் வரவில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் நெடுஞ்சாலை முழுக்க ஓட்டி வந்திருக்கிறார்.

வீரமுத்து கூலாயிலிருந்து கெலாங் பாத்தா தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸின் ஓட்டுநர். மறுநாள் காலையிலேயே முதலாளி லெட்சுமணனிடம் போய் உள்ளதைச் சொன்னார்.

“பிரேக்கு மிதிக்கிறோமா எண்ணெப் பெடல மிதிக்கிறோமான்னு காலுக்குத் தெரியணும்லா. எனக்குத் தெரியல முதலாளி.”

லெட்சுமணன் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். “தீபாவளி வரைக்கும் உன் சீட்ட வேற ஆளுக்கு நிரந்தரமா கொடுக்க மாட்டேன். அதுக்குள்ள காலு என்ன சொல்லுதுன்னு கேட்டுக்க.”

“அதுதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே.”

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. காலில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அவர் நோய்க்கு நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டபோது, காரணம் தெரியாதது என்று அர்த்தம் என்றார்கள். காரணம் தெரிய வேண்டுமானால் கெலாங் பாத்தாவில் தென்ஜொகூர் நரம்பணு ஆய்வு அறவாரியத்துக்குப் போகச் சொன்னார்கள்.

நம்மவர்கள் சேர்ந்து நடத்தும் அறவாரியம் அது. மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் எண்ணூறு பேர் உட்காரும் மண்டபம். முதல் மாடியில் இயக்குநர் அறை, செயற்குழு அறை, பொன்னாடைகளும் நினைவுச் சின்னங்களும் வைக்கும் அறை. இரண்டாம் மாடி விருந்தினர் தங்க. மூன்றாம் மாடியில், மண்டபத்து நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் பின்னால், ஆய்வுக்கூடம்.

அங்கே பிரேமலா இருந்தாள். சிகாமட் ஊர்க்காரி. ஆய்வு அதிகாரி, ஒப்பந்தத்தில். வீரமுத்துவின் முன்கையை மரக்கச் செய்து பயறளவு தோலை எடுத்தாள்.

“இத நரம்பா மாத்துவோம் அங்கிள்.”

“தோலு நரம்பாவுமா?”

“மொதல்ல பின்னாடி கொண்டு போவோம், கருவுல இருந்த மாதிரி, எதுவாவும் ஆகாத நிலைக்கு. அங்கேருந்து நரம்பா வான்னு சொல்லுவோம்.”

“சொன்னா கேக்குமா?”

“இந்தக் கட்டடத்துல அது ஒண்ணுதான் சொன்னாக் கேக்கும்.” கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “நரம்பணு தனியா வளராது அங்கிள். வெளியேருந்து ஒரு செய்தி வரணும். வளர்காரணின்னு ஒரு புரதம். அது வந்து செல்லோட வெளிச்சுவர்ல உக்காரும். அங்க அதுக்குன்னே ஒரு ஏற்பி இருக்கு, காது மாதிரி. காதுல விழுந்ததும் உள்ள ஒருத்தன் பக்கத்து ஆளத் தட்டி விடுவான், அவன் அடுத்தவன, அப்படியே நடுவுல இருக்கற கரு வரைக்கும் போவும். ஒரு வழியில போற செய்தி ‘உயிரோட இரு’ன்னு சொல்லும். இன்னொரு வழியில போறது ‘நீளு’ன்னு சொல்லும். நீண்டாத்தான் முதுகுலேருந்து பாதம் வரைக்கும் போய்ச் சேரும்.”

“செய்தியே வரலன்னா?”

“கொஞ்சம் பொறுத்துப் பாக்கும். அப்புறம் தன்னத் தானே முடிச்சுக்கும்.”

வீரமுத்து தன் காலைப் பார்த்தார். “ரோஷக்காரப் பயலாத்தான் இருக்கான்.”

“உங்க கால்ல ரெண்டுல ஒண்ணு நடக்குது. ‘நீளு’ங்கிற செய்தி வர்றதில்ல. இல்லன்னா, செய்தி வருது, நரம்பு கேக்கறதில்ல. வரலன்னா ஆஸ்பத்திரில ஒரு மருந்து சோதிச்சுப் பாக்கறாங்க, உங்களச் சேத்துக்குவாங்க. கேக்கலன்னா அந்த மருந்து வீண்.”

“அப்ப நான் வேற வேல தேடிக்கணும்.”

“ஆமா அங்கிள். ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொஞ்சமா ஊத்தி உயிரப் புடிச்சு வெப்பேன். முத்துனதும் அளவக் கூட்டி நீளுதான்னு பாப்பேன். எதுன்னு தீபாவளிக்கு முன்னயே சொல்லிடறேன்.”

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மருந்தா, வேறு வேலையா.

நாலைந்து மாதம் எந்தக் குறையும் இல்லாமல் போனது, ஏனென்றால் மூன்றாம் மாடிக்கு யாரும் வரவில்லை. வீரமுத்து அவ்வப்போது போய் நுண்ணோக்கியில் எட்டிப் பார்ப்பார். சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். வீட்டுக்கு வந்து, “நம்ம ஆளு கெலாங் பாத்தாவுல நல்லா இருக்கான்” என்பார். தனலெட்சுமி, “சாப்பாடு வெக்கறாங்களா?” என்பாள். “ஒருநா விட்டு ஒருநா.” “அதென்ன விரதமா?” என்று அவள் உள்ளே போய்விடுவாள்.

குறை, இயக்குநர் டத்தோ டாக்டர் ஜெயசங்கர் ஒரு மாநாட்டுக்குப் போனதில் தொடங்கியது. திரும்பும் விமானத்தில் படிக்க வேறொன்றும் அகப்படாமல், தன் அறவாரியம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டார். அதுதான் முதல் தடவை. செல்லுக்குள் செய்தி போகும் ஒழுங்கு அவரைக் கண்கலங்க வைத்தது. இறங்கிய வாரத்திலேயே அறவாரியம் முழுவதையும் செல்லின் முறைப்படி திருத்தி அமைத்தார்.

அன்று முதல் வாசல் கவுண்டருக்கு ஏற்பி என்று பெயர். வெளியிலிருந்து வருவது ஆளானாலும் அஞ்சலானாலும் வெளிச் சமிக்ஞை. அது உள்ளே வரக் கூடாது. செல்லுக்குள் வெளிச் சமிக்ஞை நேராக நுழைவதில்லை, செய்திதான் போகிறது. ஏற்பி அதைக் கடத்தி ஒன்றுக்குச் சொல்லும். கடத்தி ஒன்று முத்திரை குத்திக் கடத்தி இரண்டுக்கு அனுப்பும். இப்படி ஐந்து மேசை. ஐந்தாவது மேசை கருவில் சேர்க்கும். கரு என்பது டத்தோ. கரு மாதத்துக்கு ஒருமுறை கூடியது.

வீரமுத்து தொலைபேசியில் பிரேமலாவைக் கேட்டார்.

“நீங்க என்ன வகை?” என்றாள் கவுண்டர் பெண்.

“தோல் கொடுத்த வீரமுத்து.”

“அது பேரு சார். நான் கேக்கறது வகை. தூண்டும் சமிக்ஞையா, தடுக்கும் சமிக்ஞையா?”

“காலு மரத்துப் போன சமிக்ஞ.”

“அப்ப தடுக்கும்னு போட்டுக்கறேன்.”

அவர் சொல்லி வைத்தது இது: நரம்பு எப்படி இருக்கிறது, தீபாவளி நெருங்குகிறது, கொஞ்சம் சொல்ல முடியுமா. ஒவ்வொரு மேசையும் சுருக்கம் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. பதினைந்து நாள் கழித்துப் பிரேமலாவின் கைக்கு வந்த தாளில் ஐந்து முத்திரைகளும் ‘தீபாவளி’ என்ற சொல்லும் இருந்தன. அவள் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் அறவாரியத்துக்குப் பத்தாம் ஆண்டு விழா வந்துவிட்டது.

விழாவின் பொறுப்பு சம்பிரதாயப் பிரிவுத் தலைவி சந்திரமதியுடையது. மாலை போட வேண்டிய கழுத்துக்குப் பொன்னாடை போய்விட்டால் இரவு தூக்கம் வராது அந்த அம்மாளுக்கு. சிறப்பு விருந்தினராக, டத்தோ பட்டத்துக்கும் மேலான அரசுப் பட்டம் வாங்கிய ஒரு டான் ஸ்ரீ ஒத்துக்கொண்டிருந்தார். திறப்பு விழாக்களில் கண்ணாடி உருண்டைமேல் கைவைத்து விளக்கெரிய வைப்பது அவருக்கு அலுத்துப் போயிருந்தது. இந்தத் தடவை புதிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஆகவே மனித நரம்புக்கு வளர்காரணியின் முதல் துளியை டான் ஸ்ரீ தம் திருக்கரத்தால் விடுவார் என்று முடிவாகி அழைப்பிதழ் அச்சானது. அறவாரியத்தில் இருந்த ஒரே மனித நரம்பு வீரமுத்துவுடையது.

பிரேமலா சம்பிரதாயப் பிரிவுக்கு ஓடினாள். இது முதல் துளி இல்லை, மாதக்கணக்காக நான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

“அதுதான் பிரச்சனை” என்றார் சந்திரமதி. “இனிமே ஊத்தாதீங்க.”

“மேடம்?”

“நாம குத்துவிளக்க முன்கூட்டியே ஏத்தி வெச்சிட்டு, டான் ஸ்ரீய வந்து சும்மா பாருங்கன்னு சொல்லுவோமா? அவருக்கு எப்படி இருக்கும்?”

“இது விளக்கு இல்ல மேடம். அணைஞ்சா திரும்ப ஏத்த முடியாது.”

“எத்தன நாளு தாங்கும்?”

“ரெண்டு நாளுக்கு மேல கஷ்டம்.”

“விழா சனிக்கிழம. இன்னைக்கு வியாழன். அழகா இருக்கு கணக்கு.”

அன்றே வளர்காரணிப் புட்டி மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியது. சிவப்பு ரிப்பன் கட்டி, வெள்ளித் தட்டில் வைத்து, டத்தோவின் அறைக் குளிர்ப்பெட்டியில் பூட்டினார்கள். சாவி சந்திரமதியின் கைப்பைக்குள் போனது.

வெள்ளிக்கிழமை மதியம், டான் ஸ்ரீக்கு ஒரு கல்யாணம் என்று செய்தி வந்தது. விழா அடுத்த சனிக்கிழமைக்குப் போனது. புட்டி பூட்டியே இருந்தது, ஏனென்றால் முதல் துளி இன்னும் விடப்படவில்லை.

திங்கட்கிழமை வீரமுத்து நேரிலேயே வந்தார். தொலைபேசியில் கேட்டால் வாழ்த்துதான் போய்ச் சேர்கிறது என்று அவருக்குத் தெரியாது. பதிலே வரவில்லை என்று மட்டும் தெரியும். ஏற்பியின் முன்னால் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் வெள்ளை நுரைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மலாய் இளைஞன் உட்கார்ந்திருந்தான். பிரேமலா கெஞ்சிக் கேட்டு, வேறொரு கல்லூரி ஆய்வுக்கூடம் இரவலாக அனுப்பிய வளர்காரணி அந்தப் பெட்டியில் இருந்தது. பெட்டியில் பனிக்கட்டி இருந்தது. பனிக்கட்டி தண்ணீராகிக் கொண்டிருந்தது.

கவுண்டர் பெண் அவனிடம் பொறுமையாகவே பேசினாள். “இந்த ஏற்பி திங்கள், புதன் பில்லு வாங்கும். செவ்வாய், வியாழன் அழைப்பிதழ். வெள்ளி பூ. உங்க பொருள் எதுலயும் பொருந்தல.”

“டாக்டர் பிரேமலாவைக் கூப்பிடுங்களேன்” என்றான் அவன் மலாயில்.

“அவங்க உள்ள இருக்கற மூலக்கூறு. வெளிய வந்து வாங்கக் கூடாது.”

அவன் போனபின் நாற்காலியின் கீழே கொஞ்சம் ஈரம் இருந்தது. வீரமுத்துவின் வலது பாதம் அதில்தான் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. கவுண்டர் பெண்தான், “சார், கால நகத்துங்க” என்றாள். அது என்ன பெட்டி என்றும் அவருக்குத் தெரியாது. பிரேமலாவுக்கு ஐஸ்கிரீம் கொண்டுவந்தவன் என்று நினைத்துக்கொண்டார். அவரையும் மேலே விடவில்லை.

பிரேமலா அன்று கருவுக்கு எழுதினாள்: நரம்பணுக்கள் பசியில் இருக்கின்றன, உடனே வளர்காரணி தேவை, இல்லையேல் இறக்கும், ஒரு நோயாளிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. ஐந்து மேசை தாண்டிக் கருவில் சேர்ந்தபோது அது ‘பசி’ என்று இருந்தது. கரு அதன்மேல், ‘விழா விருந்தில் கூடுதலாக நூறு பேருக்கு ஏற்பாடு செய்க’ என்று எழுதிக் கையொப்பமிட்டது.

விழா மறுபடி தள்ளிப் போனது. இம்முறை நல்ல நேரம் சரியில்லை.

ஒத்திகை நாளுக்கு வீரமுத்துவுக்கு அழைப்பு வந்தது. ‘தோல் கொடையாளர்’ என்று அட்டை குத்தி மண்டபத்தில் விட்டார்கள். உட்கார இடம் மட்டும் கிடைக்கவில்லை. முன்வரிசை பிரமுகர்களுக்கு, அடுத்தது அவர்களின் துணைவியருக்கு, அடுத்தது செயற்குழுவுக்கு. நரம்பின் உரிமையாளருக்கு எந்த வரிசை என்று எந்த விழாவிலும் முன்மாதிரி இல்லை.

“நான் நிக்கறேன்மா. எனக்கு ஒண்ணுதான் தெரியணும்” என்றார் வீரமுத்து. “என் நரம்பு கேக்குதா இல்லயா?”

“கேள்வி நேரம் நிகழ்ச்சியில இல்லண்ணே” என்றார் சந்திரமதி, உண்மையான வருத்தத்தோடு. “கேக்கணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா, நன்றியுரைக்கு அப்புறம் வெச்சிருப்பேன்.”

உட்கார வரிசை இல்லாத வீரமுத்துவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேடையில் துளி விடும் ஒத்திகை நடத்தினார்கள். வளர்காரணிக்கு நிறம் இல்லை. புகைப்படக்காரர் அதைக் கண்டுபிடித்தார். நிறம் இல்லாத துளியைப் படம் எடுத்தால் டான் ஸ்ரீ வெறும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும் என்றார். அரைமணி நேரம் யோசித்து, ரோஜா சிராப் கலந்த தண்ணீரை வைத்துப் பார்த்தார்கள். மேடை வெளிச்சத்தில் அது மிக அழகாக விழுந்தது. விழாவன்றும் சிராப்பே என்று முடிவானது.

பிரேமலா படியிறங்கி வந்து, “அது சீனித் தண்ணி” என்றாள்.

“கொஞ்சமாத்தான் விடுவாரு” என்றார் சந்திரமதி.

பிறகு டத்தோ உரையை ஒத்திகை பார்த்தார். ஊழியர்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்று உத்தரவு.

“அன்பர்களே” என்று தொடங்கினார். “இந்தப் பத்து ஆண்டுகளில் நாம் நூற்று நாற்பது நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறோம். இரண்டு ஆய்வுகள் நடத்தியிருக்கிறோம். நிகழ்ச்சிகள் அனைத்தும் வெற்றி. கருவில் வளரும் குழந்தையின் நரம்பு மண்டலத்திடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. அது தேவையைப் போல இரண்டு மடங்கு நரம்பணுக்களை உண்டாக்குகிறது. எல்லாம் வளர்காரணியைத் தேடி நீள்கின்றன. வளர்காரணியோ எல்லோருக்கும் போதாது. எட்டியவை நிரந்தரமாகின்றன. எட்டாதவை என்ன செய்கின்றன? தொழிற்சங்கம் அமைக்கின்றனவா? அமைச்சுக்குப் புகார் எழுதுகின்றனவா? இல்லை. பக்கத்துச் செல்லுக்குத் தொந்தரவு தராமல், தம்மைத் தாமே மடித்து வைத்துவிட்டு மறைகின்றன. இங்கே பாதிக்கு மேல் ஒப்பந்த ஊழியர்கள். அவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்தப் பண்பாடு ஒன்றைத்தான்.”

நிரந்தர ஊழியர்கள் கைதட்டினார்கள். ஒப்பந்த ஊழியர்களும் தட்டினார்கள், தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஆள் போட்டிருந்தார்கள்.

“இன்னொன்று” என்றார் டத்தோ, கீழே இறங்கி வந்தபின் பிரேமலாவிடம். “டான் ஸ்ரீ துளி விட்டதும் நரம்பு நீள வேண்டும். திரையில் எல்லாரும் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு மூணு நாளு ஆகும் சார். அதுவும் உயிரோட இருந்தா.”

“துளி விட்டபின் டான் ஸ்ரீ பன்னிரண்டு நிமிடம்தான் இருப்பார்.”

“சார், அந்தத் தட்டுல இப்ப ஒண்ணும்…”

“கடத்தி வழியாகச் சொல்லுங்கள்” என்றார் டத்தோ. கடுமையாகச் சொல்லவில்லை. ஒழுங்கை மீறித் தானே காதில் வாங்கிவிட்டால் மற்றவர்களை எப்படித் திருத்துவது என்கிற கவலைதான் அவர் முகத்தில் இருந்தது.

விழா நடந்தது. மங்கல விளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்பு நடனம். மேடையில் இருந்தவர்களைப் பட்டத்தோடும் பதவியோடும் விளித்து முடிக்கவே இருபது நிமிடம் ஆனது. பேசிய ஒவ்வொருவரும் அதைத் திரும்பச் செய்தார்கள். தனலெட்சுமி, “இன்னும் நம்ம ஆளு வரலியா?” என்று வீரமுத்துவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்களுக்கு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடப்பட்டிருந்தது.

ஒருவழியாக டான் ஸ்ரீ எழுந்தார். தாம்பாளத்தில் கண்ணாடித் தட்டு வந்தது. நாதஸ்வரம் கெட்டிமேளம் வாசித்தது. டான் ஸ்ரீ குழாயை உயர்த்தினார். இளஞ்சிவப்புத் துளி விழுந்தது. புகைப்படக்காரர் இன்னொன்று கேட்டார். இன்னொன்று விழுந்தது. மண்டபம் இருண்டது.

திரையில் ஒரு நரம்பணு தெரிந்தது. அதன் நுனி கை போல விரிந்தது. தடவித் தடவிப் பார்த்தது. அப்புறம் ஒரு பக்கமாக, எதையோ மோப்பம் பிடித்தது போல நீளத் தொடங்கியது. நீண்டு, கிளைத்து, பக்கத்து நரம்பைத் தொட்டது. எண்ணூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“கேட்கிறது” என்றார் டத்தோ ஒலிபெருக்கியில். “திரு வீரமுத்து அவர்களின் நரம்பு கேட்கிறது.”

வீரமுத்து அழுதுவிட்டார். நரம்பு கேட்கிறது என்றால் செய்திதான் வரவில்லை. செய்தி வரவில்லை என்றால் மருந்து உண்டு. மருந்து உண்டென்றால் பஸ் உண்டு. இதையெல்லாம் அவர் தனலெட்சுமியின் காதில் சொன்னார். அவளுக்கு ஒலிபெருக்கி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அழுததைப் பார்த்து அவளும் அழுதாள். புகைப்படக்காரர் இருவரையும் எடுத்தார்.

மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போட்டார்கள். சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். ‘இவரது நரம்பு முழு நலத்துடன் வளர்கிறது என இதனால் சான்றளிக்கப்படுகிறது’ என்று இருந்தது. கீழே டான் ஸ்ரீயின் கையொப்பம். டான் ஸ்ரீ கட்டுமானத் தொழில் செய்பவர்.

விருந்தில் வரிசை நீளமாக இருந்தது. தனலெட்சுமி சோற்றுக்கு நின்றாள். பிரேமலா வீரமுத்துவைத் தனியே கூப்பிட்டு எதிர்ப்பக்க ரொட்டி சானாய் கடைக்கு அழைத்துப் போனாள். தேநீர் வந்தது. அவள் குடிக்கவில்லை.

“அது உங்களோடது இல்ல அங்கிள்.”

“எது?”

“திரையில ஓடுனது. அது எலியோடது. ஒப்பிட்டுப் பாக்க நான் போன வருஷம் எடுத்து வெச்சிருந்த படம். மூணு நாள் படத்த வேகமா ஓட்டுனாங்க.”

வீரமுத்து பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்தார். “என்னோடது?”

“அது ரெண்டு வாரத்துக்கு முந்தியே போயிருச்சு.”

“எப்படி?”

“நான்தான் சொன்னேனே. பொறுத்துப் பாத்துச்சு. அப்புறம் தானாவே.” அவள் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “கேட்டுச்சா கேக்கலையான்னு பாக்கற கட்டத்துக்கே போவல அங்கிள். எனக்கு நெசமா தெரியாது.”

“இன்னொரு தடவ எடுக்கலாம்லா? இந்தக் கையில இன்னும் எடம் இருக்கு.”

“எடுக்கலாம். இங்க இல்ல. என் ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி. கடிதம் வந்துருச்சு. சத்தமில்லாம ஒத்துழைக்கணும்னு போட்டிருந்தாங்க.”

மறுநாள் வீரமுத்து ஏற்பியிடம் போனார். தம் தோலை மறுபடி எடுக்க வேண்டும் என்றார். கவுண்டர் பெண் கணினியில் பார்த்தாள்.

“உங்க வகை மாறிருச்சு சார். முன்ன நீங்க சமிக்ஞை. இப்ப விளைவு.”

“அப்படின்னா?”

“விளைவுன்னா எல்லாம் முடிஞ்சு வெளிய வந்தது. திரும்ப உள்ள போக முடியாது. அதோட உங்களுக்குத்தான் நோயே இல்லையே. முழு நலம்னு சான்றிதழ் குடுத்த ஆளுக்கு நாங்க ஆராய்ச்சி பண்ணா, டான் ஸ்ரீ கையெழுத்த நாங்களே சந்தேகப்பட்ட மாதிரி ஆவும்.”

ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்துச் சோதனைக்கு நோயாளிகளை மட்டும்தான் சேர்ப்பார்கள். அவருடைய சான்றிதழின் நகல் ஏற்கனவே அங்கே வந்து சேர்ந்திருந்தது. நகல் அனுப்பும் வேலை சந்திரமதியுடையது. அது ஐந்து மேசை வழியாகப் போக வேண்டியதில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் லெட்சுமணனிடமிருந்து அழைப்பு. தனலெட்சுமியும் கூடவே போனாள். லெட்சுமணன் அலுவலகத்தில் சாமி படத்துக்கும் நாள்காட்டிக்கும் நடுவே அந்தச் சான்றிதழின் நகல் ஒன்று தொங்கியது. பக்கத்தில் பத்திரிகையில் வந்த படம். வீரமுத்து அழுதுகொண்டிருந்தார்.

“டான் ஸ்ரீயே சொல்லிட்டாரு, இனி என்னடா” என்றார் லெட்சுமணன். சாவியை நீட்டினார். “பஸ்ஸக் கழுவி வெச்சிருக்கேன். ராத்திரி ஷிப்டு பொண்ணுங்க நாப்பது பேரு உன்னத்தான் கேக்குதுங்க. புது ஆளு ரொம்ப ஆட்றானாம்.”

வீரமுத்து சாவியை வாங்கினார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெளியே பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தார். இருக்கை அவருடைய முதுகுக்கு ஏற்றபடி அப்படியே இருந்தது. தனலெட்சுமி பின்னாலேயே ஏறி, படிக்கட்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பெடல்கள் தெரியும்.

எஞ்சினைப் போடவில்லை. காலை வைத்தார்.

“எதுல இருக்கு?”

அவள் குனிந்து பார்த்தாள். “பிரேக்குல.”

வலப்பக்கம் நகர்த்தினார். “இப்ப?”

“பிரேக்குலதான்.”

“நகத்தினேனே.”

“இல்ல. நகரல.”

தொடையையே தூக்கி எடுத்து வைத்தார். “இப்ப?”

அவள் இன்னும் கிட்டே குனிந்தாள். “பாதி பாதி. ரெண்டுலயும் இருக்கு.”

வீரமுத்து ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். கண்ணாடி வழியாக, நிறுத்தத்தில் சீருடையோடு பெண்கள் வந்து சேர ஆரம்பித்திருந்தது தெரிந்தது. ஒருத்தி அவரைப் பார்த்துக் கை காட்டினாள். அவர் இறங்கினார். படிக்கட்டில் தனலெட்சுமி சொல்லச் சொல்ல இறங்கினார். அலுவலகத்துக்குள் போய்ச் சாவியை மேசைமேல் வைத்தார்.

“என்னடா முத்து?” என்றார் லெட்சுமணன். சுவரைக் காட்டினார். “நரம்பு நல்லா இருக்குன்னு எழுதியிருக்குல்ல?”

“நல்லாத்தான் இருக்கு முதலாளி. ஆனா அது நான் இல்ல. எலி. அதுகிட்ட லைசன்ஸ் இல்ல.”